பெங்களூரிலிருந்து ஒரு நாள் தூரத்தில் எத்தனை கோணல் எல்லைகள்!

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். பெல்ஜியம்–நெதர்லாந்து எல்லை வீடுகளுக்குக் குறுக்கே ஓடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து விசித்திரமான எல்லைகள், வினோதமான ஊர்ப்பெயர்கள் மேல் பைத்தியமாகிவிட்டது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் சனி ஞாயிறில் போய்ப் பார்க்கிற மாதிரி பெங்களூரைச் சுற்றி ஏதாவது உண்டா? இதைப் பற்றி உலவும் கதைகளில் எதை நம்பலாம்?"

உண்டு, நிறையவே உண்டு. நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் நில அளவைக்காரர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். சர்வே நம்பரையும் கிராம எல்லையையும் பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் போகும்போதுகூட இப்போது எந்தக் கிராமத்துக் கணக்கில் இருக்கிறோம் என்று மனசு தானாகக் கேட்கும். வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் பார்த்த அந்த ஊர் பார்லே. பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 துண்டுகள் நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் துண்டுகளுக்குள்ளேயே நெதர்லாந்தின் குட்டித் துண்டுகள் ஏழு. முன்வாசல் எந்த நாட்டில் திறக்கிறதோ, வீடு அந்த நாட்டுக் கணக்கு. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு பிரபுக்கள் நிலத்தைப் பங்கு பிரித்ததில் வந்த வினை அது. அங்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பங்கு பிரித்த கோடுதான் வேண்டும் என்றால் அத்திப்பள்ளி வரைக்கும் ஒரு பஸ் டிக்கெட் போதும்.

முதலில் உங்கள் வாசலிலிருந்தே தொடங்கலாம். ஒயிட்ஃபீல்டு என்றால் ஏதோ வெள்ளை வயல் என்று பலர் நினைக்கிறார்கள். டி.எஸ். ஒயிட் என்ற ஆங்கிலோ இந்தியத் தலைவரின் பெயர் அது. 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்காக ஒரு விவசாயக் குடியிருப்பு போட்டார்கள். நடுவில் வட்டமாகத் திடல், அதைச் சுற்றி வீடுகள். இன்றைக்கும் இன்னர் சர்க்கிள் என்று தெருப் பெயர் இருக்கிறதே, அந்த வட்டம்தான். ஐ.டி. பார்க்கைத் தாண்டி ஒரு நாள் காலையில் அந்த வட்டத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். மேப்பில் மற்ற தெருவெல்லாம் மாட்டுவண்டித் தடம் மாதிரி நெளியும்போது இது மட்டும் காம்பஸ் வைத்துப் போட்டது போல இருக்கும்.

சரி, இப்போது அத்திப்பள்ளி. ஓசூர் ரோட்டில் கர்நாடகம் முடியும் இடம். தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. நிலத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆறு இல்லை, மலை இல்லை, ஒரு சின்ன மேடுகூட இல்லை. இந்தப் பக்கம் 'வைன்ஸ்' பலகை, அந்தப் பக்கம் டாஸ்மாக். இந்தப் பக்கம் கே.ஏ. 51, அந்தப் பக்கம் டி.என். 70. பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவு என்பது அந்தந்த அரசு போடும் வரியைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். லாரிக்காரர்களுக்கு அது மனப்பாடம்.

நெடுஞ்சாலையில் நின்றால் இவ்வளவுதான் தெரியும். விட்டு இறங்கி, உள்ளே கிராமத்துச் சாலையில் போக வேண்டும். ஒரு முறை ஒரு ரோஜாத் தோட்டத்தின் வரைபடத்துக்காகப் போயிருந்தேன். தோட்டக்காரர் தகரப் பெட்டியிலிருந்து இரண்டு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். ஒன்று தமிழில் பட்டா. இன்னொன்று கன்னடத்தில் பஹணி, கர்நாடகத்து நிலப் பதிவு. நடுவில் ஓடியது ஒரு வரப்பு, அவ்வளவுதான். அதன் மேல் அவருடைய பேத்தி உட்கார்ந்து பூவை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அளக்கும்போது இரண்டு பக்கத்து ஆளுங்களும் வரணும் சார், ஒரே நாள்ல இரண்டு பேரும் வந்ததே இல்லை" என்றார். என்னிடம் தமிழில் பேசினார், பேத்தியைக் கூப்பிட்டது தெலுங்கில், போனில் வியாபாரிக்குக் கன்னடம். மாநில எல்லை மொழியை வைத்துப் போட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் இல்லையா? அந்த வரப்பின் மேல் நின்றபோது எனக்கு அது சுத்தமாக நம்பும்படியாக இல்லை.

பின்னே எதை வைத்துப் போட்டார்கள்? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஓசூரும் ஏறக்குறைய அதே உயரம். சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குப் போகும்போதுதான் காது அடைக்கிற மாதிரி இறக்கம் வருகிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டித்தான். இயற்கையாக ஒரு கோடு போட வேண்டும் என்றால் அந்த இறக்கத்தில்தான் போட்டிருக்க வேண்டும். 1792-ல் திப்பு சுல்தான் தோற்று பாராமகாலை, அதாவது இந்தக் கிருஷ்ணகிரிச் சீமையை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தபோது கோடு ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. கணவாய்க்குக் கீழே கம்பெனி, மேலே மைசூர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். மைசூரைப் பங்கு போட்டபோது உடையார் குடும்பத்துக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணவாய்களின் தலைமாட்டில் இருக்கும் இடங்களைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. மறுபடி ஒரு சண்டை வந்தால் மலை ஏறிப் போராட வேண்டாம், ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருக்கலாம் என்ற கணக்கு. ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் அப்படித்தான் சேலம் ஜில்லாவுக்கு வந்தன. பீரங்கிக்காகப் போட்ட கோட்டில்தான் இன்று பெட்ரோல் விலை மாறுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் தெற்கே இன்னும் இரண்டு ஊரின் புதிர் அவிழும். கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா. மலைக்கு மேலே இருந்தும் மெட்ராஸ் கணக்கில் இருந்தது இதே 1799 பங்கீட்டால்தான். மொழிவாரி மாநிலம் வந்தபோது அது மைசூருக்குப் போனது. ஆனால் பக்கத்திலேயே, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் தாளவாடி போகவில்லை. இன்றும் ஈரோடு மாவட்டம். அங்கே கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் கன்னடம். கன்னடத் திரையுலகம் தெய்வமாகக் கொண்டாடும் ராஜ்குமார் பிறந்த காஜனூர் அந்தப் பக்கம்தான், தமிழ்நாட்டுக்குள். பெங்களூரில் ஆட்டோக்காரரிடம் இதைச் சொல்வதாக இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

பஸ்ஸும் காரும் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மாநிலம் பார்க்க வேண்டும் என்றால் சென்னை போகும் ரயில் போதும். நீங்கள் பல தடவை போயிருப்பீர்கள், தூங்கியிருப்பீர்கள். பங்காருப்பேட்டை கர்நாடகம், குப்பம் ஆந்திரம், பச்சூர் தாண்டி ஜோலார்பேட்டை தமிழ்நாடு. குப்பம் என்ற பச்சைத் தமிழ்ப் பெயர் ஆந்திராவில் என்ன செய்கிறது? அது பழைய வட ஆர்க்காட்டின் கங்குந்தி ஜமீன். 1911-ல் சித்தூர் என்று புதிதாக ஒரு ஜில்லா உண்டாக்கினபோது அதில் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லாம் மெட்ராஸ்தானே, யாருக்கும் கவலை இல்லை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு குப்பமும் போனது. 1960-ல், எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் சொன்ன தீர்ப்புப்படி திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, குப்பம் அங்கேயே இருந்துவிட்டது. ஆகையால் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் ஆந்திரா நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. ரயில் அந்த நாக்கைக் குறுக்கே தாண்டுகிறது. அதே நாக்கைப் பாலாறும் தாண்டுகிறது: நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222. அணை வழக்குகள் ஏன் முடிவதே இல்லை என்பதற்கு இந்த மூன்று எண்ணே போதும்.

வடக்கே துமகூரு மாவட்டத்தின் பாவகடாவும் இதே ஜாதி. மேப்பில் பார்த்தால் தாய் மாவட்டத்தை விட்டுத் தனியாகப் போய் ஆந்திரா மடியில் உட்கார்ந்திருக்கும். 1800-ல் நிஜாம் கம்பெனிக்குக் கொடுத்த அனந்தபுரம் பக்கத்துக்கும் மைசூருக்கும் நடுவில் விழுந்த கோடு அது. இப்போது பெரிய சோலார் பார்க் வந்து பெயர் பெற்றுவிட்டது. வெயில் காலத்தில் போகாதீர்கள், அவ்வளவுதான் என் அறிவுரை.

இனி ஊருக்குள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, பழைய பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: கப்பன் பார்க் ஒரு காலத்தில் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவில் இருந்த திடல். 1809-ல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் காய்ச்சலுக்குப் பயந்து இங்கே வந்து அல்சூர்ப் பக்கம் கூடாரம் போட்டது. படையோடு சமையல்காரர், துணி வெளுப்பவர், குதிரைக்காரர், ஒப்பந்தக்காரர் என்று நம் ஆட்கள் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தார்கள். மேற்கே கெம்பே கவுடா 1537-ல் கட்டின பேட்டை, கிழக்கே தண்டு. கன்டோன்மென்ட்டுக்குக் கன்னடத்திலும் நம் வாயிலும் தண்டு என்றுதான் பெயர். சிவாஜிநகரில் தண்டு மாரியம்மன் இன்றும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நடுவில் தங்கள் ஆட்சிக்கு எடுத்துக்கொண்ட மைசூரை பிரிட்டிஷார் 1881-ல் உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோது தண்டை மட்டும் கொடுக்கவில்லை. அது ரெசிடென்ட் என்ற பிரிட்டிஷ் பிரதிநிதி கையில் தனிப் பகுதியாக நின்றது. அதாவது ஒருவர் காலையில் சிக்பேட்டையில் துணி வாங்கிவிட்டு, பார்க்கைக் கடந்து சவுத் பரேடுக்கு, இப்போதைய எம்.ஜி. ரோடுக்கு வந்தால் சமஸ்தானத்திலிருந்து வெள்ளைக்காரர் ஆட்சிக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். தனி நகராட்சி, தனி நிர்வாகம். 1947-ல் சுதந்திரத்துக்குச் சில நாட்கள் முன்புதான் தண்டு மைசூரோடு சேர்ந்தது. 1949-ல் இரண்டு நகராட்சிகளையும் இணைத்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். என் தாத்தா கடைசி வரைக்கும் மெஜஸ்டிக் பக்கம் போவதை "சிட்டிக்குப் போறேன்" என்றுதான் சொன்னார், ஏதோ அடுத்த ஊருக்குப் பயணம் மாதிரி. இப்போதும் ரயில் நிலையங்களை சிட்டி, கன்டோன்மென்ட் என்று இரண்டாகத்தான் சொல்கிறோம். இரண்டில் மூத்தது கன்டோன்மென்ட். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் ரயில் அங்கேதான் வந்து நின்றது.

பெயர் மாற்றம் இந்தப் பகுதியில் ஒரு தனிக் கூத்து. ஃப்ரேசர் டவுன் அரசுக் கணக்கில் புலிகேசி நகர். சட்டமன்றத் தொகுதி புலிகேசி நகர், போலீஸ் ஸ்டேஷன் புலிகேசி நகர், பிரியாணிக்கடை மட்டும் ஃப்ரேசர் டவுன். பல்லவர் கதைகளைப் படித்து வளர்ந்த நம் ஆட்கள் புலிகேசி நகரில் குடியிருக்கும் வேடிக்கை வேறு. நான் ஒரு வங்கியில் கணக்கு முகவரி மாற்றப் போனபோது மின்சார பில்லில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே இடம் என்று சொன்னேன். "அதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கா சார்?" என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் கிளையின் பெயர்ப்பலகையிலேயே இரண்டும் எழுதியிருந்தது. காட்டினேன். சிரித்துவிட்டார், ஆனால் வேலை நடக்கவில்லை.

எல்லைகளில் எனக்கு மிகவும் பிடித்தது யாரும் கல் நடாத ஒன்று. பெங்களூரு ஒரு முதுகுமேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வடக்கு தெற்காக ஊருக்கு நடுவே ஓடும் அந்த மேட்டில் மழை இரண்டாகப் பிரிகிறது. பசவனகுடி நந்தி கோயில் பக்கம் விழும் தண்ணீர் மேற்கே விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் சேர்ந்து, கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியில் கலந்து, மேகதாது தாண்டி ஒகேனக்கல்லுக்கு வருகிறது. அல்சூர் ஏரிப் பக்கம் விழுவது கிழக்கே பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடலூரில் கடல் சேர்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். கெலவரப்பள்ளி அணையில் அவ்வப்போது பொங்கும் நுரை நம் ஊர்க் குளியலறைகளிலிருந்து போனது.

அங்கேயும் ஒரு கோணல் உண்டு. நம் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஐந்நூறு மீட்டர் உயரம் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974-ல் ஆரம்பித்த ஏற்பாடு இது. உங்கள் ஒயிட்ஃபீல்டு மேட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. நீங்கள் காலையில் அரிசி கழுவி ஊற்றும் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகும்? தென்பெண்ணைக்கு. காவிரியில் எடுத்தது பெண்ணையாற்றில் இறங்குகிறது. எந்தத் திட்ட அறிக்கையும் நதிநீர் இணைப்பு என்று பெயர் வைக்காமல், அடுப்பங்கரைத் தொட்டி வழியாகத் தினமும் நடக்கிற நதி இணைப்பு இது. மன்னார்குடிக்காரரான நீங்கள் இதை நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினால் கொஞ்சம் மனசு உறுத்தலாம்.

பெயர்களுக்கு வருவோம். கன்னட ஊர்ப்பெயரைத் தமிழன் படிக்க ஒரு சாவி இருக்கிறது: முன்னால் வரும் 'ஹ'-வை 'ப' ஆக்கிப் பாருங்கள். பழங்கன்னடத்தில் 'ப' என்று இருந்தது பிற்பாடு 'ஹ' ஆகிவிட்டது. ஹாலு பால், ஹத்து பத்து, ஹுலி புலி, ஹூவு பூ. ஹள்ளி நம் பள்ளிதான்.  ஹொச என்றால் புதிய. ஹொசூரு, அதாவது ஓசூர், என்றால் புத்தூர். ஹலசூருக்கு, அதாவது நம் அல்சூருக்கு, ஹலசு என்ற பலா. ஹுளிமாவு என்ற ஏரியா பெயரைக் கேட்டு "புளித்த மாவா? தோசைக்கு ஆகுமா?" என்று என் மாமியார் சிரித்தார். 'ஹுளி' புளிதான், ஆனால் 'மாவு' கன்னடத்தில் மாமரம். புளிப்பு மாங்காய் ஊர். இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது, வடமொழிப் பெயர்களில் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பாளையா என்று முடிந்தால் பாளையம். திப்பசந்திரா, சிங்கசந்திரா என்று வரும் சந்திராவுக்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை. சமுத்திரம் தேய்ந்து சந்திரா ஆனது. நம்மூரில் அம்பாசமுத்திரம், ரெங்கசமுத்திரம் என்கிறோமே, பெரிய ஏரி வெட்டி வைத்த பெயர், அதுவேதான். ஏரி போய்விட்டது, சமுத்திரம் தேய்ந்து வேறு அர்த்தத்தில் நிற்கிறது. ஏரி போனதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியின் வயிற்றில் நிற்கிறது, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியில். அந்த மெஜஸ்டிக் என்ற பெயரும் ஒரு சினிமா கொட்டகையின் பெயர். கொட்டகையும் இல்லை, ஏரியும் இல்லை, கண்டக்டர் மட்டும் "மெஜஸ்டிக், மெஜஸ்டிக்" என்று கத்துகிறார். எழுத்துச் சுருக்கப் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பி.டி.எம். என்பது பைரசந்திரா, தாவரெகெரெ, மடிவாளா என்ற மூன்று கிராமம். எச்.எஸ்.ஆர். என்பது ஓசூர் ரோடும் சர்ஜாபூர் ரோடும். லேஅவுட் போட்டவர்களுக்குப் பெயர் யோசிக்க நேரமில்லை.

தமிழ் வாசகருக்கு என்றே ஒரு இடம் சொல்கிறேன். தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில். மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஐ.டி. கம்பெனி கட்டடங்களுக்கு நடுவில். அங்கே 13-ஆம் நூற்றாண்டு ஒய்சள ராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. எலஹங்கா அந்தக் காலத் தமிழ்க் கல்வெட்டில் இலைப்பாக்க நாடு. கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் 1905-ல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே பார்க்கலாம். இதைப் படித்த உடனே "பெங்களூரு நம்ம ஊருடா" என்று கிளம்புகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பேகூருக்கு அனுப்பி வையுங்கள். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் 890 வாக்கில் வெட்டின நடுகல்லில் 'பெங்களூரு' என்ற பெயரே வருகிறது, ஒரு சண்டையைப் பற்றி. எழுதியிருப்பது பழங்கன்னடம்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு அந்த நடுகல்லே பதில். ஒய்சள மன்னன் வீர வல்லாளன் காட்டில் வழி தவறிப் பசியோடு வந்தான், ஒரு கிழவி வேகவைத்த அவரை கொடுத்தாள், அதனால் 'பெந்த காளூரு', வெந்த பயறு ஊர் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். வல்லாளன் 12-ஆம் நூற்றாண்டு. நடுகல் அவனுக்கு முந்நூறு வருடம் முந்தியது. ராஜா பிறப்பதற்கு முன்னாலேயே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது, கிழவி என்ன செய்வாள் பாவம். கதை எவ்வளவு ருசியாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தேதி பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். பிளாக்பள்ளி, அதாவது இன்றைய சிவாஜிநகர், பெயருக்கு ஒருவர் தண்டுக்குத் திட்டம் போட்ட பிளாக்கிஸ்டன் என்ற எஞ்சினியரைச் சொல்வார், இன்னொருவர் கன்னடத்து 'பிளி அக்கி', வெள்ளை அரிசி என்பார். இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறேன்.

கூச் பிஹார் கதையும் இப்படித்தான். இந்தியா–வங்கதேச எல்லையில் வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். அதில் தஹாலா கக்ராபாரி என்று ஒரு சணல் வயல், இரண்டு ஏக்கர்கூட இல்லை: இந்தியா, அதைச் சுற்றி வங்கதேசம், அதைச் சுற்றி இந்தியா, அதைச் சுற்றி வங்கதேசம். வெங்காயம் உரித்த மாதிரி. இரண்டு ராஜாக்கள் சதுரங்கத்தில் கிராமங்களைப் பந்தயம் வைத்து ஆடினார்கள் என்று சொல்வார்கள். உண்மையில் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முகலாயப் படைக்கும் கூச் பிஹார் ராஜாவுக்கும் சண்டை நின்றபோது யார் கையில் எந்தக் கிராமம் இருந்ததோ அது அவரவருக்கு என்று முடிந்தது. வரி யாருக்குப் போகிறது என்பதுதான் அன்றைக்குக் கேள்வி. நாடு என்ற ஒன்று மேலே வந்து உட்கார்ந்தபோதுதான் அங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் கொடுப்பது என்ற அவஸ்தை வந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் அந்தத் துண்டுகளை மாற்றிக்கொண்டன. தஹகிராம் என்ற ஒரு துண்டு மட்டும் தீன் பீகா பாதை வழியாக வங்கதேசத்தோடு ஒட்டி நிற்கிறது. ஆகவே அங்கே டிக்கெட் போட்டுப் போய் ஏமாற வேண்டாம், பார்க்க இப்போது அதிகம் மிச்சமில்லை.

மிச்சமிருப்பது புதுச்சேரி. காரைக்கால், மாகே, ஏனாம் தனித்தனியாகக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரிப் பகுதி மட்டுமே பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறியிருப்பது பலருக்குத் தெரியாது. 1749-ல் சந்தா சாகிப் காலத்தில் வில்லியனூர், பாகூர் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிராமம் கிராமமாகக் கிடைத்ததில் வந்தது. நவாபு மானியம் கொடுப்பது வருமானத்தைப் பார்த்து, மேப்பைப் பார்த்து இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் பைக்கில் சுற்றினால் கால் மணி நேரத்தில் நாலு தடவை எல்லை தாண்டலாம். சாராயக்கடை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தாலே போதும், பலகை தேவையில்லை. பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் போனால் விடியும்போது பாண்டி.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை. கர்நாடகப் பக்கம் திஷாங்க் என்ற அரசு ஆப் இருக்கிறது, நிற்கும் இடத்தின் சர்வே நம்பரையும் கிராமத்தையும் காட்டும். தமிழ்நாட்டுப் பக்கத்துக்குத் தமிழ்நிலம். போனில் இருக்கும் சாதாரண மேப்பின் எல்லைக் கோட்டை மீட்டர் கணக்கில் நம்பாதீர்கள், வரப்பு இருக்கும் இடத்தில் அது சில சமயம் கிணற்றுக்குள் ஓடும். எல்லைக் கல்லைக் கண்டால் போட்டோ எடுங்கள், அசைக்காதீர்கள். வயலுக்குள் இறங்குவதற்கு முன் சொந்தக்காரரைக் கேளுங்கள். காகிதமும் டேப்பும் கையில் இருந்தால் ஏதோ நிலம் எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள், எனக்கு நடந்திருக்கிறது.

வருகிற ஞாயிறே கிளம்புவதாக இருந்தால் முதலில் தொம்மலூருக்குப் போங்கள், உங்கள் வீட்டிலிருந்து பக்கம். காலையில் நடை திறந்திருக்கும்போது போக வேண்டும். எழுத்துகளில் சுண்ணாம்பும் எண்ணெயும் ஏறியிருக்கும், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அங்கிருந்து பேகூர், பிறகு அதே ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி. பூக்காரர்கள் மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள், அதனால் தாமதிக்காதீர்கள்.